காதில் குறையில்லை, ஆனாலும் நோகிறதா?

தங்கச்சி, காது டொக்டர் காதில் ஒன்றுமில்லை என்று சொன்னதாகவும், ஆனாலும் இடது கன்னமும் காதும் தாடையும் விட்டு விட்டு நோகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தாடை மூட்டில்தான் சந்தேகம். காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். ‘டக்’ என்று சத்தமோ நோவோ வந்தால், நித்திரையில் பல்லைக் கடிக்கிறீர்களா என்று வீட்டில் கேளுங்கள். எனக்கு அதுதான், காலையில் ரோஸ் பாண் கடிக்கவே முடியாது. ஞானப்பல் சொத்தையும் காதுக்கு நோவு கடத்தும். முகம் கழுவும்போது, கடற்காற்று படும்போது கரண்ட் அடித்தமாதிரி சில விநாடி வெட்டினால் அது நரம்பு நோவாக இருக்கலாம், பனடோலுக்கு அடங்காது. திருகோணமலை பெரியாஸ்பத்திரியில் முதலில் பல் டொக்டரிடம் காட்டுங்கள். ஆனால் கோணேசர் கோவில் ஏற்றத்தில் நடக்கையில் தாடை நொந்து, நெஞ்சும் இறுகினால் அது இருதய நோவாக இருக்கலாம், காத்திருக்காமல் 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள்.