ஹால், டைனிங், கிச்சன் மூன்றும் ஒரே கூடமாக இருக்கும் வீட்டில் எல்லா ஜன்னலுக்கும் ஒரே திரைச்சீலைதான் போட வேண்டுமா?

வேண்டியதில்லை. ஆனால் எல்லாம் ஒரே வீட்டுத் துணி என்று உள்ளே வருகிறவருக்குத் தெரிய வேண்டும்.

நீங்கள் எழுதியிருப்பது இது: கேரள-தமிழ்நாடு எல்லையில் வேலந்தாவளம் பக்கம் புது வீடு, நடுவில் சுவர் இல்லாத நீளக் கூடம். மேற்கே சோபாவுக்குப் பின்னால் இரண்டு ஜன்னல், வடக்கே சாப்பாட்டு மேஜை ஓரம் ஒன்று, தெற்கே கிச்சன் சிங்குக்கு மேல் ஒன்று, கிழக்கே சிட்டவுட்டுக்கு, அதாவது வெளித் திண்ணைக்குத் திறக்கும் கண்ணாடிக் கதவு. கடைக்காரர் எல்லாவற்றுக்கும் ஒரே பூப்போட்ட துணியைக் காட்டுகிறார். உங்கள் வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் ரோலர் ப்ளைண்ட், அதாவது மேலே சுருட்டி ஏற்றும் திரை, போதும் என்கிறார். எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் திரைச்சீலை தைப்பவள். சித்தூர் தாலுகாவிலும் சரி, எல்லை தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கமும் சரி, நிறைய வீடுகளுக்குத் தைத்துக் கொடுத்திருக்கிறேன்.

நம் பக்கத்தில் துணி எடுக்கும் முன் காற்றைப் பார்க்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாயில் மலை முப்பது நாற்பது கிலோமீட்டருக்குத் திறந்து கிடக்கிறது. கஞ்சிக்கோட்டிலும் உடுமலையிலும் காற்றாலை நிற்பது அதனால்தான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்கிலிருந்து அடிக்கும். மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று புழுதியோடு வரும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது திரைச்சீலை எம்மாத்திரம்! நடுவில் சுவர் இல்லாத கூடத்தில் இது இன்னும் மோசம். மேற்கு ஜன்னல் துணி பந்தாக உப்பி உள்ளே வரும். அதே நேரத்தில் கிழக்கே இருக்கும் துணியைக் காற்று வெளியே இழுத்துக்கொண்டு போகும். ஜன்னலாக இருந்தால் கிரில் கம்பிக்கு நடுவே பிதுங்கி, கொக்கியில் மாட்டி, நூல் இழுபட்டு நிற்கும். தைக்கக் கொடுப்பவர்கள் பழைய திரையைக் கொண்டு வரும்போது அந்த இழுபட்ட நூலைப் பார்த்தே எந்தத் திசை ஜன்னல் என்று சொல்லிவிடலாம்.

அதனால் மேற்கு இரண்டுக்கும் கனமான துணி எடுங்கள். கெட்டி நெசவுக் காட்டன் அல்லது காட்டன் கலந்த பாலியெஸ்டர், பின்னால் வெள்ளை லைனிங். பங்குனி, சித்திரை வெயில் மாலையில் நேராக உள்ளே விழும் ஜன்னல்கள் அவை. லைனிங் இல்லாத காட்டன் சீக்கிரம் வெளுத்துவிடும். தரை வரை இறக்கித் தையுங்கள். ஜன்னல் திட்டுக்குக் கீழே தொங்கும் துணியே எடையாக நின்று திரையைப் பிடித்துக்கொள்ளும். அடிமடிப்புக்குள் எடை வில்லை வைத்துத் தைக்கச் சொன்னால் இன்னும் நல்லது. ரோலர் ப்ளைண்டை மேற்கே நான் தடுப்பேன். காற்று வீசும் இரவில் அதன் அடியில் இருக்கும் குழாய் சுவரில் டக் டக்கென்று இடித்துக்கொண்டே இருக்கும், தூக்கம் வராது.

கிச்சன் ஜன்னலுக்கு மட்டும் ப்ளைண்ட் சரி. தொங்கும் துணி அடுப்புப் பக்கம் வேண்டவே வேண்டாம், காற்று எந்த நேரமும் அதை நெருப்புக்குக் கொண்டு போகும். சிங்குக்கு மேல் என்பதால் ரோமன் ப்ளைண்ட் (மடிப்பு மடிப்பாக மேலே ஏறும் துணித் திரை) போடலாம், கழற்றித் துவைக்கிற மாதிரி. அதுவும் அடுப்புக்கு நெருக்கம் என்றால் எதுவும் தொங்கவிடாமல் கண்ணாடியின் கீழ்ப்பாதியில் மங்கல் ஃபிலிம் ஒட்டிவிடுங்கள்.

கிழக்குக் கதவுக்கு உள்ளே மெல்லிய வெள்ளைத் துணி போதும், ஆனால் இரு ஓரத்திலும் கட்டிவைக்க நாடா வேண்டும். சிட்டவுட்டில் வெளிப்பக்கமாக ஒரு மூங்கில் தட்டி தொங்கவிடுங்கள். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்தினால்தான் கூடம் குளிரும், உள்ளே வந்த சூட்டைத் திரை என்ன செய்யும்?

சரி, இவ்வளவு வேறு வேறாகப் போட்டால் எப்படி ஒத்துப்போகும்? திரை மாட்டும் கம்பியால்தான். நம் வீடுகளில் ஜன்னலுக்கும் கதவுக்கும் மேலே குறுக்கே வரும் கான்கிரீட் லிண்டல் ஒரே ஏழடி மட்டத்தில் ஓடும். அதற்கு மேல் நாலைந்து அங்குலத்தில் எல்லாக் கம்பியையும் ஒரே கோட்டில், ஒரே நிறத்தில் அடியுங்கள். அந்த இடத்தில் உள்ளே கான்கிரீட் என்பதால் பிராக்கெட் ஆடாமல் நிற்கும், துளைக்கத்தான் கொஞ்சம் சிரமம். இரு பக்கமும் ஜன்னலைத் தாண்டி அரையடி நீட்டிவிடுங்கள். பகலில் துணி சுவரில் ஒதுங்கிக்கொள்ளும், கண்ணாடி முழுக்க வெளிச்சம் வரும். இந்த ஒரு கோடு சரியாக இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி நிறம். சுவரைப் பார்த்து நிறம் எடுக்காதீர்கள், சுவருக்கு அடுத்த முறை வேறு பெயின்ட் அடிப்பீர்கள். தரையையும் சோபாவையும் பாருங்கள். மேற்கே வெற்று நிறம், உதாரணமாகச் செங்கல் நிறமோ மாவிலைப் பச்சையோ. வடக்கே அதே நிறம் கலந்த கோடு போட்ட துணி. கிச்சனுக்கு மறுபடி அந்த வெற்றுத் துணியே. கிழக்கே போட்ட வெள்ளை மெல்லிய துணி வடக்கிலும் கோட்டுத் துணியோடு சேர்ந்து வந்தால் இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். கடைக்காரர் காட்டிய பெரிய பூவை விட்டுவிடுங்கள். மேஜையில் விரித்தால் அழகுதான், மடிப்பு விழுந்து தொங்கும்போது பாதிப் பூ மடிப்புக்குள் போய்விடும். கண்ணூர்க் கைத்தறியிலும் கரூர்த் துணியிலும் நல்ல கோடு கிடைக்கும். தேடிப் பாருங்கள், நம் தறிக்காரர்கள் நெய்தது வீட்டில் தொங்குவதில் எனக்குத் தனி சந்தோஷம்.

ஒரு மீட்டர் மட்டும் முதலில் வாங்கி ஜன்னலில் மாட்டிப் பாருங்கள். காலையில், நாலு மணி வெயிலில், இரவு லைட் போட்ட பிறகு என்று மூன்று நேரமும் பார்த்தால் பிறகு மனசு மாறாது.

அளவு விஷயத்தில் கஞ்சம் பிடிக்காதீர்கள். ஆறடி அகல ஜன்னலுக்குக் கம்பி ஏழடி. மடிப்பு விழ அதைப்போல் இரண்டு மடங்கு துணி வேண்டும், அதாவது பதினாலு அடி. 48 அங்குல அகலத் துணியில் நாலு பேனல், அதாவது நாலு நீளத் துண்டு. கம்பியிலிருந்து தரைக்கு ஏழரை அடி, மேல்மடிப்பும் அடிமடிப்பும் சேர்த்து எட்டரை. ஆக ஒரு ஜன்னலுக்குச் சுமார் பத்தரை மீட்டர். இரண்டு பேனலில் முடித்தால் காசு மிச்சம்தான், ஆனால் இழுத்து மூடியதும் துணி விறைத்துப்போய் பெட்ஷீட் மாட்டிய மாதிரி இருக்கும்.

காட்டன் என்றால் தைப்பதற்கு முன் தண்ணீரில் நனைத்து உலர்த்திக் கொடுங்கள், இல்லையென்றால் முதல் துவையலிலேயே தரையை விட்டு மேலேறிவிடும். நனைத்தாலும் அடிமடிப்பை ஐந்தாறு அங்குலம் விடச் சொல்லுங்கள், பின்னால் பிரித்து இறக்கலாம். வெற்று நிறத் துணியை மட்டும் கிச்சனுக்கும் சேர்த்து ஒரே நாளில் ஒரே ரோலிலிருந்து வெட்டி வாங்குங்கள், இரண்டு மீட்டர் கூடுதலாகவே. அடுத்த மாதம் அதே கடையில் அதே நிறம் கேட்டால் வேறு சாயத்தொட்டியில் தோய்த்தது வரும். மேற்கு ஜன்னலுக்குப் பக்கத்தில் தொங்கும்போது அந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.