ஒரே கண்மாயில் இத்தனை அலகுகள் எப்படி? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தைப் பற்றி நாலு வரி எழுதினோம். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன: இரை ஒன்று, வாய் பல, எப்படிக் கட்டுபடியாகிறது? எல்லாம் காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்துக் கடிதங்கள். அதனால் இந்த முறை சினிமா, அரசியல் கேள்விகளை ஓரமாக வைத்துவிட்டு இதற்கே பக்கத்தைக் கொடுத்தாயிற்று.

மதுரைக்குப் போகிற வழியில் பிள்ளைகளோடு சரணாலயம் இருக்கிற கொள்ளுகுடிப்பட்டியில் இறங்கினோம். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர் என்று சொல்லிக் கூட்டிப்போனேன். ஒரு டஜன் வகையாவது இருக்கும். எல்லாமே மீன் தின்கிற ஜாதி, ஆனால் சண்டையைக் காணோமே, எப்படி?
– வாசகி, காரைக்குடி

முதலில், எல்லாமே மீன் தின்கிற ஜாதி இல்லை. நீங்கள் அதிகம் பார்த்திருக்கக்கூடிய நத்தை குத்தி நாரைக்கு மீன் இரண்டாம்பட்சம்தான், நத்தை கிடைத்தால் வேறெதுவும் வேண்டாம். அதன் அலகை அடுத்த முறை பைனாகுலரில் பாருங்கள், வாயை மூடியிருக்கும்போதும் நடுவில் ஒரு சந்து தெரியும். கீழ் அலகின் நுனியை நத்தையின் வாய்க்குள் விட்டு, சதையை ஓட்டோடு பிடித்துவைத்திருக்கும் தசையை அறுத்து, சதையை மட்டும் உருவிவிடும். ஓடு பெரும்பாலும் உடையாமலே கிடக்கும். இந்த வேலையைச் சின்னக் கொக்கு தலைகீழாக நின்றாலும் செய்ய முடியாது.

மீன் தின்பவையும் ஒரே மீனை ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் தேடுவதில்லை. மடையான் கரைப்புல்லில் குந்தியபடி காத்திருக்கும். சின்னக் கொக்கு கொஞ்சம் உள்ளே இறங்கி, மஞ்சள் விரல்களால் சேற்றைக் கிளறிக் கலக்கி, வெளியே துள்ளுவதைக் கொத்தும். அதற்குக் கால் எட்டாத ஆழத்தில் சாம்பல் நாரை. கரண்டிவாயனுக்குக் கண்ணே தேவையில்லை என்று சொல்லலாம், அலகை லேசாகத் திறந்து தண்ணீருக்குள் இடமும் வலமுமாக வீசிக்கொண்டே நடக்கும், ஏதாவது பட்டால் டப்பென்று மூடிக்கொள்ளும், அதனால் கலங்கல் தண்ணீரிலும் அதற்குப் பிழைப்பு உண்டு. அரிவாள் மூக்கன் சேற்றுக்குள்ளேயே குத்தித் துழாவும்.

ஆழத்துக்குப் போனால் நீர்க்காகமும் பாம்புத்தாராவும். பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், இரண்டும் முங்கித்தான் மீன் பிடிக்கும். ஆனால் நீர்க்காகத்துக்கு அலகின் நுனி கொக்கி மாதிரி வளைந்திருக்கும், மீனைத் துரத்திப்போய்க் கவ்வும். பாம்புத்தாராவின் அலகு நேரான ஊசி. அது துரத்துவதைவிட மெதுவாக நெருங்கிக் கழுத்தை ஈட்டி போலப் பாய்ச்சிக் குத்தும். குத்திய மீனோடு மேலே வந்து, உதறி விடுவித்து, காற்றில் தூக்கிப்போட்டு, தலை முதலில் தொண்டைக்குள் போகிற மாதிரி பிடிக்கும். வாலிலிருந்து விழுங்கினால் செதிலும் முள்ளும் தொண்டையில் எதிர்த்துக்கொண்டு நிற்கும் அல்லவா? பகலெல்லாம் கிளையில் தோளைக் குறுக்கிக்கொண்டு தூங்குகிற வக்கா, மற்றவை அடையும் நேரத்தில்தான் வேலைக்குக் கிளம்பும். உண்ணிக்கொக்கு இந்தப் போட்டிக்கே வருவதில்லை, மாட்டின் காலடியில் கிளம்பும் வெட்டுக்கிளியே போதும் அதற்கு.

இனி, சண்டையைக் காணோம் என்றீர்களே, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தண்ணீரைப் பார்த்தீர்கள், மரத்தைப் பார்க்கவில்லை. கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரத்தில் பெரிய பறவைகள் பொதுவாக உச்சியில் கட்டும், சிறியவை கீழ்க்கிளைகளில். கூடு கட்டுகிற காலத்தில் பக்கத்து வீட்டுக் குச்சியை உருவிக்கொண்டு ஓடுவதும், அதற்காகக் கழுத்தை நீட்டிக் கத்திக் குத்துவதும் நாள் முழுக்க நடக்கும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பங்குனி சித்திரையில் தண்ணீர் வற்றி மீனெல்லாம் ஒரு குட்டையில் ஒதுங்கும்போது, கரைக்காரன் ஆழக்காரன் என்ற கணக்கெல்லாம் போய் எல்லாமே ஒன்றாகத்தான் இறங்கும். அள்ளக் குறையாமல் கிடக்கும்போது யாரும் யாரையும் பொருட்படுத்துவதில்லை. இரை அருகும்போதுதான் எந்த அலகு எதற்கு என்பது தெரியவரும். நீங்கள் பார்த்தது எந்தக் காலம் என்பதைப் பொறுத்துத்தான் இந்தக் கேள்விக்கே பதில்.

எங்கள் வீடுகளில் மகனுக்குக் கல்யாணமானால் வேறு வைப்போம். அதே வளவு, ஆனால் தனி அடுப்பு, தனிக் கணக்கு. இயற்கையும் இப்படித்தான் ஒவ்வொன்றையும் வேறு வைத்திருக்கிறதா? மனிதன்தான் பகிர்ந்து வாழ்வதைக் கற்றுக்கொள்ளவில்லையா?
– ஓர் ஆச்சி, தேவகோட்டை

ஆச்சி, நீங்கள் சொல்வதில் தனி அடுப்பு என்பது வரைக்கும் சரி. ஆனால் வேறு வைக்க அங்கே அப்பச்சி யாரும் இல்லை. பாத்திரம் பண்டம் எண்ணிக் கொடுத்து, நீ இதை வைத்துக்கொள், அவன் அதை வைத்துக்கொள்ளட்டும் என்று பாகம் பிரித்த கையே கிடையாது. முட்டி மோதி, தோற்றது ஒதுங்கி அல்லது ஒழிந்துபோய், மிஞ்சியதைத்தான் நாம் சமாதானம் என்று பார்க்கிறோம்.

ரஷ்யாவில் காஸ் என்று ஒருவர், இருபத்தைந்து வயது கூட ஆகாத ஆள், 1934-இல் இதைச் சோதனைக் குழாயிலேயே காட்டினார். பாரமீசியம் என்ற ஒரு செல் உயிரியில் இரண்டு இனங்களைத் தனித்தனியே வளர்த்தால் இரண்டும் செழித்தன. ஒரே குழாயில், ஒரே பாக்டீரியாவைத் தீனியாகப் போட்டு விட்டபோது, ஒன்று மெல்ல மெல்லக் குறைந்து இல்லாமலே போனது. அப்புறம் தோற்ற இனத்தையே மூன்றாவது இனம் ஒன்றோடு விட்டார். இந்த முறை இரண்டும் பிழைத்தன, ஏனென்றால் ஒன்று மேல்தண்ணீரில் பாக்டீரியாவைத் தின்றது, மற்றது அடியில் படிந்த ஈஸ்ட்டைத் தின்றது. ஒரே அடுப்பு என்றால் ஒருவர்தான், அதுதான் காஸ் விதி.

இது குழாய்க்குள் நடந்தது, வெளியில் நடக்குமா என்று கேட்பீர்கள். தொண்டிப் பக்கம் படகின் அடியில் வெள்ளை வெள்ளையாகக் கொட்டலசு ஒட்டியிருக்கும் பாருங்கள், அதன் உறவுகள் இரண்டு ஸ்காட்லாந்துக் கடற்கரைப் பாறைகளில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று வரிசை பிரித்து இருந்தன. பார்த்தால் ஒப்பந்தம் போட்டது போலிருக்கும். கானெல் என்ற ஆய்வாளர் கீழ்வரிசைக் கொட்டலசுகளைச் சுரண்டி எடுத்துவிட்டுக் காத்திருந்தார். மேல்வரிசை இனம் கீழேயும் நன்றாகவே வளர்ந்தது! 1961-இல் அதை எழுதினார். அதுவரைக்கும் அது மேலே இருந்தது விருப்பத்தினால் இல்லை, கீழே வந்தால் கீழ்வரிசை இனம் அதன்மேல் ஏறி நெருக்கிப் பெயர்த்துவிடும், அதனால். மேலேயோ வெயிலில் காய்ந்துபோவதை அந்தக் கீழ்வரிசை இனத்தால் தாங்க முடியாது. வலுத்தவனுக்கு ஆகாத இடம் இளைத்தவனுக்கு வீடாயிற்று, அவ்வளவுதான் அந்த ஒப்பந்தம்.

அலகே மாறுவதைக் கண்ணால் பார்த்தவர்களும் உண்டு. கலாபகஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னி மேஜர் என்ற சின்னத் தீவில் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973 முதல் குருவிகளை அளந்துகொண்டே இருந்தார்கள். 1977 பஞ்சத்தில் நடுத்தரக் குருவி என்ற இனத்தில் பெரிய அலகு உள்ளவை பிழைத்தன, நெருஞ்சி இனத்து முள்காயை உடைக்கத் தெம்பு இருந்ததால். 1982-இல் அதைவிடப் பெரிய குருவி இனம் ஒன்று அந்தத் தீவில் குடியேறியது. 2004-இல் மறுபடி பஞ்சம், இப்போது முள்காயைப் பெரியது தின்று தீர்த்துவிட்டது, நடுத்தரக் குருவிகளில் சிறிய அலகு உள்ளவைதான் மிஞ்சின. அதே தீவு, அதே பஞ்சம், முடிவு நேர் எதிர்.

மனிதன் கற்றுக்கொள்வது பற்றிக் கேட்டீர்கள். பகிர்ந்து வாழ்வது நல்ல விஷயம்தான், ஆனால் அதற்குக் கொக்கைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம் என்பது என் கட்சி.

காஸ் விதி சரி என்றால், கண்மாய்த் தண்ணீரில் ஒரு சொட்டில் மைக்ராஸ்கோப் வைத்தால் ஏன் இத்தனை வகைப் பாசி? அவற்றுக்கு ஏது அலகும் காலும்? எல்லாவற்றுக்கும் அதே வெயில், தண்ணீரில் கரைந்த அதே சத்து உப்பு.
– கல்லூரி மாணவர், காரைக்குடி

நல்ல பிடி பிடித்தீர்கள். 1961-இல் ஹட்சின்சன் என்ற சூழலியலாளர் இதே கேள்வியைத்தான் ஒரு புதிர் என்று எழுதிவைத்தார். அவர் சொன்ன விடைகளில் முக்கியமானது, ஒன்று ஜெயித்து முடிக்க அவகாசமே கிடைப்பதில்லை என்பது. நம் கண்மாயையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் செந்தண்ணீர் வந்து விழும், தையில் தெளியும், மாசியில் சூடேறும், சித்திரையில் வெடித்துக் கிடக்கும். ஒரு பாசி மேலோங்கத் தொடங்கும்போது அதற்குச் சாதகமாக இருந்த நிலைமையே போய்விடும்.

இரண்டாவது விடை இன்னும் நுணுக்கம். 1977-இல் டில்மன் என்ற ஆய்வாளர் இரண்டு வகை டயட்டம் பாசிகளை வளர்த்துப் பார்த்தார். ஒன்று பாஸ்பேட் குறைந்த தண்ணீரில் கெட்டி, மற்றது சிலிக்கேட் குறைந்த தண்ணீரில் கெட்டி. ஒவ்வொன்றுக்கும் முட்டுக்கட்டையாக இருக்கும் உப்பு வெவ்வேறாக அமைந்த இடைப்பட்ட அளவில் இரண்டுமே நிலைத்தன. தேர்வில் கேட்டால் சுருக்கமாக இப்படி எழுதுங்கள்: ஒவ்வொரு இனமும் எதிரியை நெருக்குவதைவிடத் தன் இனத்தையே அதிகமாக நெருக்கிக்கொண்டால்தான் சேர்ந்து வாழ முடியும். எத்தனை அலகு, எத்தனை கால் என்று அடுக்கினாலும் கணக்கு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்.

மீன்பாசிக் குத்தகை எடுத்திருக்கிறேன். கட்லா, ரோகு, மிருகால் மூன்றையும் சேர்த்து விடச் சொல்கிறார்கள். ஜிலேபி மீன் ஏற்கெனவே கிடக்கிறது. ஒத்துப்போகுமா?
– குத்தகைக்காரர், கல்லல் பக்கம்

முதல் மூன்றும் ஒத்துப்போகும். கட்லாவுக்கு வாய் மேல்நோக்கி இருக்கும், மேல்தண்ணீரில் மிதக்கிற நுண்ணுயிரை மேயும். ரோகு நடுவில். மிருகாலுக்கு வாய் கீழே, அடிமட்ட மக்கு தின்னும். ஒரே வகையை விட்டால் இரண்டு அடுக்குத் தீனி வீணாகும்.

ஜிலேபிதான் வம்பு. மொசாம்பிக்கைச் சொந்த ஊராகக் கொண்டது, 1952-இல் இந்தியாவுக்குள் கொண்டுவந்தார்கள். அதற்கு அடுக்கெல்லாம் கிடையாது, பாசி, புழு, மக்கு, எதுவானாலும் சரி. தாய் முட்டையை வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும், வருஷத்தில் பல தடவை குஞ்சு பொரிக்கும். கடைசியில் கண்மாய் நிறைய உள்ளங்கை அளவில் குட்டி மீனாகக் கிடக்கும், விலையும் போகாது, நீங்கள் விட்ட மூன்றுக்கும் தீனி மிஞ்சாது.

விரால் நாலு கிடந்தால் ஜிலேபிக் குஞ்சைக் குறைக்கும். ஒன்றே ஓங்கிப்போகிற இடத்தில் அதைத் தின்கிறவன் இருந்தால் மற்றவற்றுக்கும் இடம் கிடைக்கும். அமெரிக்காவில் ராபர்ட் பெயின் என்ற ஆய்வாளர் கடற்பாறையிலிருந்து நட்சத்திர மீனை அகற்றியபோது மட்டிகள் பெருகிப் பாறையை அடைத்து, 15 இனம் இருந்த இடத்தில் 8 ஆகிவிட்டதாக 1966-இல் எழுதினார். ஆனால் விராலுக்கு உங்கள் கட்லா, பக்கத்து ஜிலேபி என்று பேதம் தெரியாது. அதனால் குஞ்சை விரல் நீளத்துக்கு மேல் வளர்ந்த பிறகே விடுங்கள். கோடையில் கண்மாய் வற்றும்போது ஊத்தாக் கூடை போட்டு ஊரே இறங்குமே, அப்போது கடைசிக் குட்டை வரைக்கும் ஜிலேபியை அரித்துவிடுவதுதான் நிஜமான வைத்தியம். யாராவது ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சு சல்லிசாகத் தருகிறேன் என்றால் பக்கத்திலேயே சேர்க்காதீர்கள், சட்டப்படியும் தடை.

பழைய வீட்டில் மாடப்புறா பெருகியதும் சிட்டுக்குருவி போய்விட்டது. புறா விரட்டியதா?
– வாசகர், கானாடுகாத்தான்

இல்லை. கூடு வைக்கப் புறாவுக்குத் தட்டையான விளிம்பு வேண்டும், குருவிக்குப் பொந்து வேண்டும். தானியத்தில் கொஞ்சம் உரசல் உண்டே தவிர, குருவிக் குஞ்சுக்குப் புழு பூச்சிதான் சாப்பாடு, அதில் புறா தலையிடாது. வீட்டைப் புதுப்பிக்கும்போது ஓட்டு இடுக்கையும் சுவர்ப் பொந்தையும் சிமெண்ட் வைத்துப் பூசினீர்களா, தோட்டத்துக்கு மருந்து அடிக்கிறீர்களா என்று பாருங்கள். பொந்துக்குப் போட்டி என்றால் மைனாவைச் சந்தேகப்படலாம்.

எங்கள் ஊர்க் கோபுரத்தில் மலைத்தேன், வேலியில் கொம்புத்தேன், சுவருக்குள் பொந்துத்தேன். மூன்றும் ஒரே பூவுக்குத்தானே போகும்?
– எட்டாம் வகுப்பு மாணவன், பள்ளத்தூர்

தம்பி, கூடு கட்டும் இடம் பிரிந்திருப்பதை நீயே பார்த்துவிட்டாய். உடம்பு அளவும் வேறு என்பதால் சின்னப் பூவில் கொம்புத்தேனீக்குக் கட்டுபடியாகிறது, மலைத்தேனீக்கு ஆகாது. நிலா வெளிச்சம் நன்றாக இருந்தால் மலைத்தேனீ ராத்திரியிலும் பறக்கும்.

இதைவிட வேடிக்கை, ஆண் தேனீக்கள் ராணியைத் தேடிப் பறக்கும் நேரம். மூன்று இனத்து ராணிகளும் ஆணைக் கூப்பிடும் வாசனையில் முக்கியச் சரக்கு ஒன்றே, ஒரே நேரத்தில் பறந்தால் குழப்பம்தான். இலங்கையில் 1976-இல் வெளியான ஆய்வுப்படி கொம்புத்தேனீ உச்சி வெயிலிலும் அதை ஒட்டியும், பொந்துத்தேனீ சாயங்காலம் நாலே கால் ஐந்தே கால் வாக்கிலும், மலைத்தேனீ இருட்டப்போகிற ஆறு மணிக்கு மேலும் பறக்கின்றன. உன் ஊரிலும் இதே நேரம்தானா என்று கடிகாரம் வைத்துப் பார்த்து எழுது, அடுத்த இதழில் போடலாம். வேலிக் கூட்டை மட்டும் பார், அதுவும் தள்ளி நின்று. கோபுரத்துக் கூட்டுக்குக் கீழே போய் நிற்கிற வேலையே வேண்டாம்.