'ஓலா போலா' படத்தில் வரும் கோல்கீப்பர் முத்து நிஜத்தில் யார்? அவர் தொழில்முறை ஆட்டக்காரரா?

2016இல் அந்த மலேசியக் காற்பந்துப் படம் வந்தபோது அப்பாவைக் கிள்ளானில் ஒரு தியேட்டருக்கு அழைத்துப் போயிருந்தேன். முத்து பாய்ந்து பந்தைத் தட்டிவிடும் காட்சி. எல்லோரும் உற்சாகமாகக் கத்திக்கொண்டிருக்க, அப்பா மட்டும் கொஞ்சம் சத்தமாகவே, "கை நீளம் பத்தாது" என்றார். முன் வரிசையில் இருந்த சீனப் பெண்மணி திரும்பி முறைத்தார்.

அப்பா மனதில் இருந்தவர் ஆர். ஆறுமுகம். உங்கள் முதல் கேள்விக்குப் பதிலும் அவர்தான், ஆனால் பாதிப் பதில். முத்து ஒரு கற்பனைப் பாத்திரம். 1980 ஒலிம்பிக் தகுதிச் சுற்றை அடிப்படையாக வைத்துக்கொண்டு, பேர்களையும் வீட்டுக் கதைகளையும் மாற்றி எடுத்த படம் அது. அதனால் முத்துவின் அப்பாவையும் வீட்டுச் சண்டையையும் ஆறுமுகத்தின் மேல் ஏற்றிவிடாதீர்கள். அந்த வருடம் மலேசியக் குழுவுக்குக் கோல் காத்தவர் அவர் என்பது மட்டும் நிஜம்.

1953இல் பிறந்தவர். மாநிலத்துக்குச் சிலாங்கூர், நாட்டுக்கு 1973 முதல் கிட்டத்தட்ட 1986 வரை. நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' என்று பட்டப்பெயர். எங்கள் வீட்டில் அந்தப் பேரை யாரும் முழுசாகச் சொன்னதில்லை, 'ஸ்பைடர்' என்றால் அவர்தான். நாட்டுக்காக அவர் ஆடியது 196 ஆட்டம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்தக் காலத்து மலேசியக் கணக்குகளில் வெளிநாட்டுக் கிளப்புகளோடு ஆடியதும் சேர்ந்தே வரும், அதனால் எண்ணிக்கையைப் பற்றிச் சண்டை போட நான் தயாரில்லை. 1974இல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் வட கொரியாவை 2-1 என்று வென்று மலேசியா வெண்கலம் வாங்கியது. 1977லும் 1979லும் சீ விளையாட்டு, அதாவது தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம். இந்த வரிசை முழுக்க அவர் காலம்தான்.

திடலில் அவருக்கு முன்னால் தடுப்பாட்டத்தில் நின்ற இரண்டு பேரையும் சொல்லாமல் விட்டால் அப்பா கோபித்துக்கொள்வார். 'தவ்க்கே' (முதலாளி) என்று பட்டப்பெயர் கொண்ட சோ சின் ஆன், சந்தோக் சிங். ஒரு சீனர், ஒரு பஞ்சாபியர், பின்னால் ஒரு தமிழர். இதை இன்றைக்கு விளம்பரத்துக்காகச் சொல்லிச் சொல்லியே தேய்த்துவிட்டார்கள். அப்பா அதை வேறு மாதிரிச் சொல்வார்: "அந்த ரெண்டு பேரும் முன்னாடி நின்னா, பின்னாடி ஸ்பைடருக்குப் பாதி நேரம் வேலையே இருக்காது. மீதிப் பாதி நேரம் நமக்கு உயிரே இருக்காது."

அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பெரிய ஆட்டம் என்றால் கிள்ளானிலிருந்து பஸ் பிடித்துக் கோலாலம்பூரில் இறங்கி, பெட்டாலிங் ஸ்ட்ரீட்டைத் தாண்டி மேட்டில் ஏறி மெர்டேக்கா அரங்கத்துக்கு நடந்தே போவார்களாம். வாசலில் கச்சாங் பூத்தே, அதாவது கடலை கொறிக்க ஒரு பொட்டலம். 1980 ஏப்ரல் 6ஆம் தேதியும் அப்படித்தான் போனார். எதிரே தென் கொரியா. ஜெயித்தால் மாஸ்கோ ஒலிம்பிக்.

ஆட்டம் 2-1 என்று முடிந்தது. ஹசான் சானி கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் வலைக்குள் அடித்ததுதான் வெற்றி கோல். இருவரும் சபா மாநிலத்துக்காரர்கள். அன்றைக்கு அந்த அரங்கத்தில் இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்களை எல்லாம் எண்ணினால் நாலு மெர்டேக்கா அரங்கம் வேண்டும். என் அப்பா நிஜமாகவே இருந்தார், ஆனால் அந்தக் கோலைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்றவர் துள்ளிய துள்ளலில் கையிலிருந்த பொட்டலம் சிதறி, அவர் குனிந்த அந்த ஒரு நொடியில் கோல் விழுந்துவிட்டது. நாற்பது வருடமாக இதைச் சொல்லி அம்மா சிரிக்கிறார்.

மாஸ்கோவுக்கு மலேசியா போகவில்லை. சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன, மலேசியாவும் அதில் ஒன்று. நம் இடத்தில் ஈராக் போய் ஆடியது. சோ சின் ஆனுக்காவது 1972 மியூனிக் ஒலிம்பிக் கிடைத்திருந்தது. ஆறுமுகம் தேசியக் குழுவுக்குள் வந்ததே அதற்கு அடுத்த வருடம். 1980இல் அவருக்கு 27 வயது. கோல் காவலருக்கு அது நல்ல பருவம். அப்புறம் அவருக்கு ஒலிம்பிக்கே அமையவில்லை. அவருக்கு மட்டுமில்லை, இன்று வரை மலேசியக் காற்பந்துக் குழு எதற்கும் அமையவில்லை.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தொழில்முறை ஆட்டக்காரரா என்றால், இன்றைக்கு நாம் சொல்லும் பொருளில், இல்லை.

அப்போது மலேசியாவில் தொழில்முறைக் காற்பந்து என்ற ஒன்றே கிடையாது. ஆட்டக்காரர்கள் மாநிலச் சங்கத்துக்காக ஆடுவார்கள். சாப்பாட்டுக்கு ஒரு வேலை இருக்கும்: வங்கி, அரசாங்க இலாகா, போலீஸ், இராணுவம், ஏதாவது ஒரு கம்பெனி. காலையில் அலுவலகம், சாயங்காலம் பயிற்சி. ஆட்டத்துக்கு அலவன்ஸ் உண்டு, ஜெயித்தால் ஏதாவது ஊக்கத்தொகை. பயிற்சி முகாமுக்குப் போக முதலாளி லீவு கொடுக்க வேண்டும். பந்து ஆடுகிறவனுக்கு வேலை கொடுப்பதைக் கௌரவமாக நினைத்த நிறுவனங்களும் நிறைய இருந்தன, அது இல்லையென்றால் எதுவுமே நடந்திருக்காது. இந்த ஏற்பாட்டில்தான் சிலாங்கூர் 1973 முதல் 1986 வரை மலேசியக் கிண்ணத்தை ஒன்பது தடவை தூக்கியது. இந்த ஏற்பாட்டில்தான் 1975இல் சிலாங்கூர் தேர்வுக் குழு இங்கிலாந்தின் தொழில்முறைக் கிளப் ஆர்சனலை 2-0 என்று தோற்கடித்தது. இரண்டு கோலும் அடித்தவர் சிலாங்கூரின் முன்வரிசை ஆட்டக்காரர் மொக்தார் டஹாரி. ஆட்டமே பிழைப்பாக இருந்தவர்களை, ஆட்டத்தைத் தவிர இன்னொரு பிழைப்பும் வைத்திருந்தவர்கள் ஜெயித்தார்கள்.

பந்தை மட்டுமே நம்பிப் பிழைக்க வேண்டுமென்றால் நாட்டை விட்டுப் போக வேண்டும். ஆறுமுகத்துக்கு முந்தைய தலைமுறையின் பெரிய கோல் காவலர் சாவ் சீ கியோங் அப்படித்தான் ஹாங்காங் போனார். ஆசியாவிலேயே தலைசிறந்தவர் என்று பேர் வாங்கியவருக்கே அந்தக் கதி.

கோல் காவலர் வேலையைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நானும் பள்ளிக் குழுவுக்குக் கோல் நின்றவன், கொஞ்சம் அனுபவித்துச் சொல்கிறேன். 1992 வரைக்கும் தன் பக்கத்து ஆள் காலால் தள்ளிவிடும் பந்தைக் கோல் காவலர் கையில் எடுக்கலாம். அதனால் அந்தக் காலத்துக்காரர்களுக்கு வேலை சுலபம் என்று சிலர் சொல்வார்கள். மழைக்காலத்துச் சாயங்காலத்தில் நம் ஊர்த் திடலில் நின்று பார்த்துவிட்டு அவர்கள் பேசட்டும். கோல் கம்பத்துக்கு முன்னால் புல் இருக்காது, சேறுதான். நனைந்த பந்து கனக்கும், வழுக்கும். உயரமாக வரும் பந்தை நெருக்கடியில் புகுந்து எடுக்கப் போனால் நாலு பேர் முழங்கை மேலே விழும். நீண்ட கைக்கு மதிப்பு அங்கேதான். பாய்ந்து விழுந்து தடுப்பது போட்டோவுக்கு நன்றாக இருக்கும். ஒரு அடி முன்னால் வந்து, எல்லோருடைய தலைக்கும் மேலே பந்தைப் பறித்துக்கொண்டு போனால் போட்டோ எடுக்க ஒன்றும் இருக்காது. எனக்கும் பெரியப்பா மகனுக்கும் அப்பா பந்தைத் தூக்கிப் போட்டுப் பழக்கும்போது இதையேதான் சொல்வார்: "பாயாதே. பாய வேண்டிய இடத்துக்கு முன்னாடியே போய் நில்லு. ஸ்பைடர் அப்படித்தான் நிப்பார்." நாங்கள் பாய்ந்துகொண்டேதான் இருந்தோம், சட்டை அழுக்கானால்தானே ஆடின மாதிரி இருக்கும்.

1988 டிசம்பர் 18ஆம் தேதி ஆறுமுகம் கார் விபத்தில் இறந்துபோனார். வயது 35. மலேசிய லீக் பாதித் தொழில்முறை லீக்காக, அதாவது 'செமி-புரோ'வாக மாறியது 1989இல். சரியாக அடுத்த வருடம். ஒப்பந்தம், மாதச் சம்பளம், அணி மாறும்போது பணம், இதெல்லாம் ஆட்டக்காரர்களுக்கு வர ஆரம்பித்தபோது அவர் இல்லை. மொக்தாரும் அதை அதிகம் பார்க்கவில்லை. 1991இல் நோயில் போய்விட்டார், 37 வயதில்.

1994இல் லீக் முழுத் தொழில்முறைக்கு மாறியது. அந்த வருடமும் அடுத்த வருடமும்தான் பணம் வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விற்ற விவகாரம் வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கூப்பிட்டு விசாரித்தார்கள், பலருடைய ஆட்ட வாழ்க்கை அத்தோடு முடிந்தது. பணம் வந்ததால்தான் கெட்டுப்போனது என்று அப்பா சொல்வார். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. பணம் ஒழுங்காக வராததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இன்னொரு பக்கம் ஜோகூர் டாருல் தாக்சிம் கிளப்பைப் பாருங்கள். 2014 முதல் வரிசையாகச் சூப்பர் லீக் வெல்கிறார்கள், சொந்தமாகப் பெரிய அரங்கம் கட்டியிருக்கிறார்கள். தேசியக் குழுவுக்கு அந்த வேகம் வரவில்லை. 1980க்குப் பிறகு தகுதிச் சுற்று ஆடி ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது 2023 போட்டிக்குத்தான்.

மேலே சொன்ன பெரியப்பா மகன் என்னை விட நன்றாக ஆடினான். ஒரு கிளப்பில் ஒப்பந்தம் கிடைத்தது, பேர் வேண்டாம். கோல் காவலர், மூன்றாவது ஆள். ஒப்பந்தத் தாளை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிவிட்டு, "இதெல்லாம் ஸ்பைடருக்குக் கிடைக்கலையே" என்றார். முதல் ஐந்து மாதம் சம்பளம் ஒழுங்காக வந்தது. அப்புறம் பாதி வந்தது. அப்புறம் நாலு மாதம் ஒன்றும் வரவில்லை. ஸ்பான்சர் பணம் வரட்டும் என்றார்கள், அடுத்த ஆட்டம் முடியட்டும் என்றார்கள். காருக்கு மாதத் தவணை கட்ட முடியாமல் என்னிடம் இரண்டு தடவை கேட்டான். வருடக் கடைசியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. பாக்கியில் ஒரு பகுதிதான் கைக்கு வந்தது.

இப்போது துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். ஐந்தரைக்கு வேலை முடிகிறது. செவ்வாயும் வியாழனும் ஆறு மணிக்கெல்லாம் திடலில் இருப்பான், கிடங்குக் குழுவுக்கு அவன்தான் கோல் காவலர். லீக் ஆட்டம் இருந்தால் மேனேஜரே அரைநாள் லீவு கொடுத்துவிடுகிறாராம். போன வாரம் அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எப்படி ஆடினான் என்று கேட்டேன்.

"இன்னும் பாய்றான்" என்றார்.