சிலிண்டருக்கு 300 ரூபாய்: கம்ப்ரஸர் வாங்கலாமா, பொறுக்கலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது. புதுச்சேரியில் ஒரு டைவ் ஷாப்பில் ஏழு வருடமாக, கடலுக்குள் மூழ்கி நீந்தச் சொல்லித்தரும் ஸ்கூபா இன்ஸ்ட்ரக்டராக இருக்கிறேன். சம்பளம் 38,000 ரூபாய். மனைவி வேலைக்குப் போகவில்லை, நான்கு வயதில் ஒரு மகள். சேமிப்பு 9 லட்சம். டைவிங் போகிறவர்கள் முதுகில் மாட்டும் சிலிண்டருக்குக் காற்று அடிக்கும் நிலையம் சொந்தமாகப் போட ஆசை. நிமிடத்துக்கு 200 லிட்டர் அடிக்கும் கம்ப்ரஸர் 9.5 லட்சம், 24 அலுமினிய சிலிண்டர் தலா 22,000 என்று விலை கேட்டு வைத்திருக்கிறேன். குறையும் பணத்துக்கு மனைவியின் 18 பவுனை அடகு வைக்கலாம். ஒரு சிலிண்டர் அடிக்க 300 ரூபாய். நாளைக்கு 30 சிலிண்டர் என்றால் மாதம் 2.7 லட்சம். காற்று இலவசம், கரண்ட் மட்டும்தானே செலவு? பின்னால் இதையே டைவ் ஷாப்பாக வளர்க்கலாம் என்று எண்ணம். இந்த ஆகஸ்டிலேயே வேலையை விடட்டுமா?

பதில்: உங்கள் பெருக்கல் சரி. கரண்ட் விஷயத்திலும் நீங்கள் சொல்வது சரிதான். 11.1 லிட்டர் அலுமினிய சிலிண்டர் ஒன்று 50 பார் (காற்றழுத்த அளவு) மிச்சத்தோடு திரும்பி வருகிறது, அதை 200 பாருக்கு ஏற்றுகிறீர்கள் என்று வைப்போம். உள்ளே போவது சுமார் 1,665 லிட்டர் காற்று. 200 லிட்டர் மெஷினுக்கு எட்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். 4 கிலோவாட் மோட்டார் அந்த நேரத்தில் இழுப்பது அரை யூனிட்டைச் சற்றுத் தாண்டும். ஒரு டீ விலைகூட ஆகாது. ஆனால் மெஷின் ஓடும்போது ஆகிற செலவு மட்டும்தான் இது. உங்கள் பணத்தைத் தின்னப்போவது அது சும்மா நிற்கும் நேரம்.

கல்யாண மண்டபம் நடத்துகிறவரைக் கேட்டுப் பாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை என்று வாட்ச்மேன் சம்பளமோ வங்கி வட்டியோ நிற்பதில்லை. உங்களுக்கு அந்த ஆடி, மார்கழி இரண்டும் வடகிழக்குப் பருவமழையாக வரும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல். இரண்டும் உங்கள் ஊர்ப் பக்கம்தான் கரை ஏறின. உங்கள் கணக்கில் மாதம் 30 நாள் போட்டிருக்கிறீர்கள். ஏழு வருட டைவ் லாக் புத்தகம் கையில் இருக்குமே, போன வருடம் எத்தனை நாள் படகு போனது என்று எண்ணிப் பாருங்கள். நான் இப்போதைக்கு 170 நாள் என்று போடுகிறேன். உங்கள் எண்ணிக்கை வேறாக இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

மெஷினைப் பத்து வருடத்தில் தேய்மானமாகக் கழித்தால் ஆண்டுக்கு 95,000. ஷெட் வாடகை மாதம் 8,000 என்றால் 96,000. காற்று அடிக்க ஒரு பையன், மாதம் 15,000 கொடுத்தாலும் 1,80,000. போட்ட 9.5 லட்சத்துக்கு 8 சதவீத வட்டி 76,000; சொந்தப் பணமாக இருந்தாலும் இதைப் போட்டே ஆக வேண்டும், வங்கியில் கிடந்திருந்தால் ஏதாவது குட்டி போட்டிருக்கும். மொத்தம் 4,47,000. ஒரு சிலிண்டர்கூட அடிக்காவிட்டாலும் இது போகும். அப்புறம் ஃபில்டர், ஆயில், சர்வீஸ், காற்றுப் பரிசோதனை, கரண்ட் எல்லாம் சேர்த்துச் சிலிண்டருக்கு 60 ரூபாய் என்று வையுங்கள். 300-ல் 60 போக 240 மிஞ்சும். நிலையான செலவை எடுக்கவே ஆண்டுக்கு 1,860 சிலிண்டருக்கு மேல் அடிக்க வேண்டும், அதாவது படகு போகும் நாளுக்கு 11. நாளைக்குப் பத்துதான் வந்தது என்றால் வருடக் கடைசியில் 39,000 ரூபாய் கைநஷ்டம். நீங்கள் கேட்டு வைத்திருக்கும் 24 சிலிண்டரின் 5.28 லட்சத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை.

முப்பது வந்தால்? நல்ல லாபம், மறுக்கவில்லை. ஆனால் அந்த முப்பதைக் கொண்டு வரப்போவது யார்? வெளிநாடுகளில் சொந்தச் சிலிண்டர் வைத்துக்கொண்டு, வாரக் கடைசியில் காரில் போட்டு ஏரிக்கும் கல்குவாரிக் குட்டைக்கும் டைவிங் போகிறவர்கள் ஏராளம். அவர்களுக்குக் காற்று விற்கலாம். அங்கேயே பல கடைகள் அதை வாடிக்கையாளரை உள்ளே இழுக்கும் தூண்டிலாகத்தான் வைத்திருக்கின்றன. காசு பார்ப்பது பயிற்சி வகுப்பிலும் உபகரண விற்பனையிலும். உங்களிடம் வருவது சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சனி ஞாயிறுக்குத் துண்டும் மாற்றுத்துணியும் மட்டும் எடுத்து வருகிற கூட்டம். அவர்களிடம் சிலிண்டர் இருக்காது. காற்று தேவைப்படுவது அவர்களைக் கடலுக்குக் கூட்டிப்போகும் கடைகளுக்கு, அவற்றில் எத்தனை கடை கம்ப்ரஸர் இல்லாமல் இருக்கிறது என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். விரல் விட்டு எண்ணி, பெயர் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'வாரத்துக்கு இத்தனை சிலிண்டர்' என்று குறியுங்கள். அந்தக் காகிதம்தான் உங்கள் உண்மையான வருமானக் கணக்கு.

பக்கத்தில் இன்னொரு வழி இருக்கிறது. கடலூர் சிப்காட்டில் உள்ளவை போன்ற ரசாயன ஆலைகளில் அவசரத்துக்கு மாட்டிக்கொள்ளும் சுவாசக் கருவி சிலிண்டர்கள் உண்டு. மழைக்காலத்திலும் அந்த வேலை நிற்காது. ஆனால் அவற்றில் பல 300 பார் சிலிண்டர்கள். நீங்கள் விலை கேட்ட மெஷின் 300 பாருக்கு ஏறுமா என்று முதலில் பாருங்கள். காற்றுப் பரிசோதனைச் சான்று இல்லாமல் பாதுகாப்பு அதிகாரி உங்களை வாசலோடு அனுப்பிவிடுவார்.

சான்று என்றதும் ஞாபகம் வருகிறது, உங்கள் பட்டியலில் உரிமம் என்ற வரியே இல்லை. அழுத்த வாயுச் சிலிண்டர் விஷயம் 2016-ஆம் ஆண்டு கேஸ் சிலிண்டர் விதிகளுக்குள் வருகிறது. அதைப் பார்த்துக்கொள்வது நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ (PESO) என்ற மத்திய அரசின் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. சென்னையிலும் அலுவலகம் உண்டு. பணம் கட்டும் முன் அங்கே ஒருமுறை நேரில் போய் வாருங்கள். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பெசோ ஒப்புதல் இல்லாத இறக்குமதிச் சிலிண்டரை வாங்கினால் அது காயலான் கடைக்குத்தான் போகும்.

எந்தச் செலவில் வேண்டுமானாலும் கை வையுங்கள், ஃபில்டரில் வைக்காதீர்கள். 20 டிகிரி சூட்டுக்குக் கணக்குப் போட்ட ஃபில்டர், நம் ஊர்த் தகர ஷெட்டில் 40 டிகிரியில் பாதி நேரம்கூடத் தாங்காது. கரண்ட் போனால் ஜெனரேட்டர் போடுவீர்கள், அதன் புகை காற்று உறிஞ்சும் குழாய்ப் பக்கம் திரும்பினால் கார்பன் மோனாக்சைடு நேராகச் சிலிண்டருக்குள். சுவாசக் காற்றுக்கான ஐரோப்பிய அளவுகோலான ஈஎன் 12021, பத்து லட்சத்தில் 5 பங்குக்கு மேல் அதை அனுமதிப்பதில்லை. 20 மீட்டர் ஆழத்தில் உடம்புக்கு அது மூன்று மடங்காக உறைக்கும் என்பதை இன்ஸ்ட்ரக்டரான உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நிதி ஆலோசகனாக நான் சொல்லவேண்டியது, ஒரே ஒரு கெட்ட சிலிண்டரின் இழப்பீட்டுக்கு உங்கள் வீடும் பதில் சொல்லவேண்டி வரும் என்பது. பிறருக்கு நேரும் பாதிப்புக்கு ஈடு கட்டும் பொதுப் பொறுப்புக் காப்பீடு இல்லாமல் முதல் சிலிண்டரை அடிக்காதீர்கள். உங்கள் டெர்ம் பாலிசி விண்ணப்பத்தில் டைவிங் தொழில் என்று எழுதியிருக்கிறீர்களா, அதையும் எடுத்துப் பாருங்கள்.

சரி, டைவ் ஷாப்புக்கு வருவோம். என் கண்ணுக்குப் பிழைப்பு அங்கேதான் தெரிகிறது. புதிதாக வருகிறவருக்கு ஒரு டைவ் 6,500 ரூபாய் என்று வையுங்கள். நான்கு பேர் வந்தால் 26,000. அதில் 18 சதவீத ஜிஎஸ்டி அடங்கியிருந்தால் 3,966 அரசுக்கு. படகு வாடகை 9,000, இரண்டு கைடுக்கு 3,000, ஆறு சிலிண்டருக்கு வெளியில் 300 கொடுத்தே அடித்தாலும் 1,800. மிச்சம் 8,200 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். இதே படகில் இரண்டு பேர்தான் வந்தார்கள், ஒரு கைடும் மூன்று சிலிண்டரும் போதும் என்றால், கையில் நிற்பது மைனஸ் 383. காற்று விலை இரட்டிப்பானால் நான்கு பேர் போகும் பயணத்தில் 1,800 ரூபாய் குறையும். இரண்டு இருக்கை காலியாகப் போனால் 8,600 போய்விடுகிறது. நீங்கள் 9.5 லட்சம் போட்டு அடைக்கப் பார்ப்பது சின்ன ஓட்டையை. (விற்றுமுதல் 20 லட்சத்துக்குள் இருந்தால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை என்று யாராவது சொல்வார்கள். வருடத்துக்கு இப்படி நூறு பயணம் போனால் 26 லட்சம். முதல் நாளிலிருந்தே வரியைச் சேர்த்து விலை வையுங்கள்.)

அதனால் வரிசையை மாற்றுங்கள். முதல் சீசனுக்குக் காற்றை விலைக்கு வாங்குங்கள். வாய்ப்பேச்சாக இல்லாமல், சனி ஞாயிறு உட்பட இத்தனை சிலிண்டர், இந்த விலை என்று எழுதி வாங்குங்கள். இப்போது வேலை பார்க்கும் கடையிலேயே கேட்கலாம். முதலாளி முறைத்துக்கொள்வார் என்றால் வேறு ஆள். கம்ப்ரஸருக்கு உண்மையான நியாயம் ஒன்றே ஒன்றுதான்: கூட்டம் அள்ளும் சனிக்கிழமை, போட்டிக் கடைக்காரர் 'இன்னைக்கு மெஷின் ரிப்பேர்' என்று கையை விரிப்பது. ஒரு பயணம் ரத்தானால் 8,200 போச்சு, வாடிக்கையாளர் திட்டு தனி. இப்படி ஒரு சீசனில் எத்தனை தடவை நடக்கிறது என்று நோட்டில் எழுதி வையுங்கள். அந்த எண்ணிக்கை பத்து, பன்னிரண்டைத் தொட்டு, உங்கள் சொந்தத் தேவையே நாளைக்கு ஏழெட்டுச் சிலிண்டர் என்றும் ஆகிவிட்டால் மெஷின் வாங்கலாம். அப்போதும் தனியாக வேண்டாம். உங்களைப் போல் தனியாக நடத்தும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, கூட்டு ஒப்பந்தம் எழுதி வாங்கினால் ஆளுக்கு மூன்றே கால் லட்சத்துக்குள் முடிந்துவிடும். பழைய மெஷின் கிடைத்தால் ஓடிய மணிக்கணக்கைக் காட்டும் மீட்டரைப் பாருங்கள், உங்கள் எதிரிலேயே காற்றைப் பரிசோதனைக்கு எடுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் 9 லட்சத்தில் 3 லட்சத்தை வீட்டுச் செலவுக்கு என்று தனிக் கணக்கில் போட்டுப் பூட்டுங்கள். மழை மாதங்களில் அடுப்பு எரிவது அதில்தான். மீதி ஆறில் சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டர், மிதவை ஜாக்கெட், பத்துப் பன்னிரண்டு சிலிண்டர், காப்பீடு, முன்பணம் எல்லாம் அடங்க வேண்டும். போதவில்லை என்றால் முத்ரா திட்டத்தின் தருண் பிரிவில் 10 லட்சம் வரை பிணை இல்லாமல் கடன் கேட்கலாம்.

நகையைத் தொடாதீர்கள். வட்டி மாதாமாதம் ஓடும், உங்கள் வருமானம் அப்படி ஓடாது. சீசனில் கட்டி மழையில் தவறினால் ஏல நோட்டீஸ் வரும்போது கடல் கொந்தளிப்பில் இருக்கும்.

ஆகஸ்டில் வேலையை விட்டால் கடை திறந்து பெயர்ப்பலகை காய்வதற்குள் மழை வந்துவிடும். டிசம்பர் வரை சம்பளம் வாங்குங்கள். அதற்குள் பெசோ அலுவலகம், அந்தப் பெயர்ப் பட்டியல், காற்று ஒப்பந்தம் மூன்றையும் முடியுங்கள். ராஜினாமா கடிதத்தைப் பொங்கல் கழிந்து கொடுக்கலாம்.