இசை மட்டுமே தெரிந்து வெளிநாடு போனவர்கள் அங்கே என்ன தொழிலுக்கு மாறுகிறார்கள்?

மற்றவர்கள் கதை தெரியாது, என்னுடையதைச் சொல்கிறேன். நான் யாழ்ப்பாணத்து இணுவில், தவில்காரன். நடுவில் 16 வருடம் கனடாவில் இருந்துவிட்டு இப்போது யாழ்ப்பாணத்துக்கே திரும்பிவிட்டேன். அங்கே கடைசி எட்டு வருடம் எனக்குச் சோறு போட்டது தவில் அல்ல, கலைச் சந்தை. ஓவியர்களும் குயவர்களும் கூடாரம் போட்டுத் தங்கள் படைப்புகளைத் தாங்களே விற்கும் சந்தை. அதை ஒழுங்கு செய்வதுதான் வேலை.

இணுவிலும் அளவெட்டியும் தவிலுக்கும் நாதசுரத்துக்கும் எப்படிப்பட்ட ஊர்கள் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குத் தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தி என்ற பெயர் போதும். ஆனால் 'மேளகாரர்' என்ற சொல்லை ஊருக்குள் எந்தத் தொனியில் சொல்வார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். விடிய விடியத் தவிற்சமா (தவில்காரர் போட்டி போட்டு வாசிக்கும் கச்சேரி) கேட்டுத் தலையாட்டியவர்கள், காலையில் தங்கள் வீட்டு விறாந்தையில் எங்களை ஏற்ற மாட்டார்கள். நான் வெளிக்கிட்டதற்குப் போர் பாதிக் காரணம், இது மீதி. 1995 ஒக்டோபர் கடைசியில், போருக்குப் பயந்து எங்கள் வலிகாமப் பகுதிச் சனம் முழுக்கத் தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்து நடந்தபோது, ஐயா அரிசி மூட்டையை விட்டுவிட்டுத் தவிலைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அம்மா அதைச் சாகும்வரை சொல்லிக் காட்டினார்.

2002இல் ரொறன்ரோ. கிழமை நாட்களில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்குவேன், சனி ஞாயிறில் கோயிலும் கல்யாண வீடும். கோடையில் மூச்சுவிட நேரமிருக்காது, பனிக்காலத்தில் ஒன்றும் இருக்காது. வீட்டுக்குள் ஹீற்றர் காற்று காய்ந்த காற்று. ஒரு மார்கழியில் தவில் தன்பாட்டில் வலந்தலை (வலப்பக்கத் தோல்) கிழிந்து கிடந்தது. தோல் மாற்ற அங்கே ஆள் இல்லை, மாசிவரை சும்மா இருந்தேன்.

தொழில் மாறியது ஒரு முறைப்பாட்டால். ரொறன்ரோவின் ஸ்காபரோப் பக்கம் ஒரு கோடைத் தெருவிழா. மேடை நடுவில், சுற்றிவர ஓவியர்களின் கூடாரங்கள். நாங்கள் மத்தியானம் முழுக்க வாசித்தோம், சனமும் நல்ல சனம். இடைவேளையில் ஒரு வயதானவர் வந்தார். நம்மவர்தான், பனங்காணிகளையும் கடலேரியையும் நீர்வண்ணத்தில் வரைந்து வைத்திருந்தார். "தம்பி, நல்லா வாசிக்கிறியள். ஆனா காலமையில இருந்து ஒரு படமும் விக்கேல்லை. விலை கேக்கிற ஆளுக்கு நான் சொல்றது கேக்குதில்லை" என்றார்.

வெட்கமாகப் போய்விட்டது. படம் வாங்குகிறவர் உடனே வாங்குவதில்லை. எங்கே வரைந்தது, எத்தனை நாள் எடுத்தது என்று கதைத்துக் கதைத்துத்தான் வாங்குவார். அந்தக் கதையை எங்கள் தவில் விழுங்கிவிட்டது. ஒழுங்கு செய்தவர்களிடம் போய், மேடையை அடுத்த வருடம் தெருவின் கடைசி மூலைக்குக் கொண்டுபோங்கள் என்றேன். கோயில் வீதியில் வளர்ந்தவனுக்கு இது பெரிய ஞானம் இல்லை. சுவாமி வீதி சுற்றும்போது சனம் நேர்வீதியில் நகரும், மூலையில் நிற்கும். மேளம் கடைசி மூலையில் கேட்டால், அதைத் தேடி வருகிறவர் எல்லாக் கூடாரத்தையும் கடந்துதான் வரவேண்டும். அடுத்த வருடம் தெருவின் வரைபடம் போட்டுக் கூடாரங்களுக்கு இடம் பிரிக்க என்னையே கூப்பிட்டார்கள், சம்பளம் இல்லாமல்தான். இரண்டு வருடம் அப்படிப் போனது. பிறகு மாலை வகுப்பில் நிகழ்ச்சி முகாமைத்துவம் படித்தேன். அதற்குப் பிறகுதான் காசு.

வேலை கேட்பதற்கு அழகாக இருக்கும். உண்மையில் அது விடிய ஐந்து மணிக்குத் தெருவில் சோக்கட்டியால் கோடு போடுவது. பத்துக்குப் பத்தடிக் கூடாரத்தின் ஒவ்வொரு காலிலும் 40 இறாத்தல் பாரம் கட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது. தீயணைப்பு வண்டி வர 6 மீட்டர் வழி விட்டிருக்கிறதா என்று அளப்பது. எனக்கு வாய்ப்பான விஷயம் ஒன்று இருந்தது. சந்தை கோடையில் நடந்தாலும் விண்ணப்பம் வாங்குவது, நடுவர்கள் படங்களைப் பார்த்து ஆட்களைத் தெரிவுசெய்வது, நகரசபை அனுமதி எல்லாம் பனிக்காலத்து வேலை. தவில் சும்மா கிடக்கும் அதே மாதங்கள்.

ஸ்பொன்சர் பிடிப்பதற்கும் நான் பயப்படவில்லை. நம் கோயில்களில் ஒவ்வொரு நாள் திருவிழாவுக்கும் செலவை ஏற்கும் ஒரு உபயகாரர் இருப்பாரே, அதேதான். அவருக்கு வேண்டியது பெயர் பெரிதாகத் தெரிவதைவிட, தன் நாள் மற்றவர் நாளைவிடக் குறையக் கூடாது என்பது. ஸ்காபரோக் கடைக்காரர்களிடம் இந்த உளவியல் அப்படியே பலித்தது.

ரொறன்ரோவில் நான் பார்த்துப் பழகிய பெரிய சந்தை நகர மண்டபத்துக்கு முன்னால், நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில் வழக்கமாக யூலையில் நடப்பது. 1961இல் ஒரு ஹோட்டலின் கார் நிறுத்துமிடத்தில் தொடங்கியதாம் அது. இலங்கையில் அந்தச் சாயலில் இருப்பது கொழும்பின் 'கலா பொல'. ஓவியர் ஜோர்ஜ் கீற் பெயரிலான மன்றம் அதை 1993இல் தொடங்கியது, ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் நடைபாதையோடு படங்கள் சாய்ந்திருக்கும். திரும்பி வந்த வருடம் போய்ப் பார்த்தேன். வடக்கிலிருந்து போகும் ஓவியருக்குப் படத்தைச் சேதமில்லாமல் பஸ்ஸில் கொண்டுபோவதே பெரும்பாடு. அப்போதுதான் இங்கேயே சின்னதாகச் செய்யலாம் என்று தோன்றியது.

இங்கே வேறு கணக்கு. காசோடு வரும் வெளிநாட்டுச் சனம் நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களை ஒட்டித்தான் வரும். அது சோளகக் காற்றின் (தென்மேற்குக் காற்று) காலம், படமெல்லாம் புழுதி. வாடை (வடகீழ்க் காற்று) தொடங்கினால் மழை. மாசி, பங்குனி நல்ல காலம், ஆனால் வாங்க ஆள் குறைவு. இரண்டு வருடம் மாசியில் செய்து கை சுட்டுக்கொண்டேன். இப்போது திருவிழாவை ஒட்டி ஆவணியில், புழுதி படாமல் ஒரு பழைய வீட்டின் முன்விறாந்தையிலும் உள்முற்றத்திலும், மாலை மூன்று மணிக்குப் பிறகு மட்டும் செய்கிறேன். பன்னிரண்டு பேர்தான். இட வாடகை கேட்டால் நம் ஓவியர்கள் முகம் சுருங்கும், விற்றால் ஒரு சின்னப் பங்கு என்றால் சம்மதிப்பார்கள். இதில் சாப்பிட முடியாது, தவில் வகுப்பும் நடத்துகிறேன்.

சந்தை நாளிலும் வாசிப்பேன். ஏழரைக்கு, கடைசிப் படத்தைச் சுற்றிக் கட்டிய பிறகு.