‘தாலி கட்டினதுக்கு சாட்சி இருக்காம்மா?’

அன்புள்ள ஐயா,

என் அக்காவின் கணவர் இன்னொரு பெண்ணோடு தனி வீடு பிடித்துக் குடும்பம் நடத்துகிறார். ஊருக்கே தெரியும். போலீஸில் புகார் கொடுக்கப் போனால், ‘தாலி கட்டினதுக்கு சாட்சி இருக்காம்மா? போட்டோ இருக்கா?’ என்கிறார்கள். மனைவி இருக்கும்போது இன்னொருத்தியோடு வாழ்வதையே குற்றமாக்கினால் என்ன?

ஒரு வாசகி, திருப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

எரிச்சலூட்டும் கேள்விதான். ஆனால் கோர்ட்டும் அதைத்தான் கேட்கும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 494-ஆவது பிரிவும் சரி, இப்போதைய பாரதிய நியாய சம்ஹிதாவின் 82-உம் சரி, தண்டிப்பது இரண்டாம் கல்யாணத்தை. ஏழு வருடம் வரை சிறை. ஆனால் கல்யாணம் முறைப்படி நடந்ததை நிரூபிக்க வேண்டும். 1965-இல், இரண்டாம் கல்யாணம் செய்ததாக பாவுராவ் என்பவர் மீது போட்ட வழக்கில், உரிய சடங்குகள் நடந்ததற்கு ஆதாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்துவிட்டது. தமிழ்நாட்டில் இந்து திருமணச் சட்டத்தின் 1967 திருத்தத்துக்குப் பிறகு, உற்றார் முன்னால் மாலை மாற்றினாலே கல்யாணம் செல்லும். ஐயரும் அக்கினியும் வேண்டாம். விவரமான ஆட்கள் மாலையே வாங்குவதில்லை.

நீங்கள் கேட்கும் சட்டத்தை அமெரிக்காவில் போட்டுப் பார்த்துவிட்டார்கள். யூட்டா மாநிலத்தில் மார்மன்கள் என்ற மதப் பிரிவினர் பலதாரக் கல்யாணங்களை ரகசியமாக நடத்தியதால் நிரூபிக்க முடியவில்லை. (அங்கேயும் சாட்சிப் பிரச்சினைதான்!) 1882-இல் எட்மண்ட்ஸ் சட்டம், ஒன்றுக்கு மேற்பட்ட பெண்களோடு சேர்ந்து வாழ்வதையே குற்றமாக்கியது. ஆறு மாதம் சிறை, 300 டாலர் அபராதம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் உள்ளே போனார்கள். கணவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல மாட்டேன் என்ற மனைவிகளும் போனார்கள். பின்னாளில் யூட்டா மாநிலச் சட்டத்திலும் சேர்ந்து வாழ்வது குற்றமாகவே இருந்தது. 2020-இல்தான், வயதுவந்தவர்கள் சம்மதத்தோடு வாழ்ந்தால் சிறை கிடையாது, அபராதம் மட்டும் என்று தளர்த்தினார்கள். மிரட்டியோ ஏமாற்றியோ சேர்த்துக்கொண்டால் இப்போதும் பெரிய குற்றம். தளர்த்தியவர்கள் சொன்ன காரணம் முக்கியம்: அந்தக் குடும்பங்களில் அடிபடும் பெண்கள், போலீஸுக்குப் போனால் தாங்களே மாட்டிக்கொள்வோமோ என்று வாயே திறக்கவில்லை.

அதனால் எனக்கு இதில் உடன்பாடில்லை. இங்கே அப்படி ஒரு சட்டம் வந்தால் லாட்ஜ் கதவைத் தட்டி ‘நீங்க புருஷன் பொண்டாட்டியா?’ என்று கேட்கத்தான் முதலில் பயன்படும். உங்கள் அத்தான் அப்புறம்தான்.

அக்காவுக்கு இப்போது வேண்டியது காசும் கூரையும். 2005-ஆம் வருடத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். அடி விழுந்திருக்க வேண்டியதில்லை. செலவுக்குத் தராமல் தவிக்கவிடுவதும் அந்தச் சட்டப்படி வன்முறைதான். ஜீவனாம்சம் கேட்கலாம், வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது என்று உத்தரவும் கேட்கலாம்.

அந்த இன்னொரு பெண்ணுக்கு இந்த வழிகூட அநேகமாக இல்லை. கோயம்புத்தூரிலிருந்து போன வேலுசாமி வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம், இந்தச் சட்டம் பாதுகாக்கும் ‘திருமணத்துக்கு ஒப்பான உறவு’ என்றால் இருவரும் சட்டப்படி மணம் செய்துகொள்ளத் தகுதியுள்ளவர்களாக இருக்க வேண்டும் என்றது. உங்கள் அத்தான் நாளை அவரையும் விட்டுப் போனால் கேட்க நாதியில்லை.

மாவட்டப் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள்; மனு எழுத உதவுவார். கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பள்ளிக்கூட ரசீதுகள் எல்லாம் எடுத்துப் போங்கள். அத்தானின் சம்பளச் சீட்டு கிடைத்தால் ரொம்ப நல்லது.