அந்த எஞ்சினை யாரும் திறக்கக் கூடாது

கேள்வி: ஐயா, எங்களிடம் ஏழு பேர் அமரும் கார் இருக்கிறது. வயது 13, ஓடியது 260,000 கிலோமீட்டர். பத்தாண்டு முடிந்தபோது 45,000 வெள்ளி கட்டி சிஓஇயை (சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வாங்க வேண்டிய, காலவரம்புள்ள உரிமைச் சான்றிதழ்) ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தோம். இன்னும் 20 மாதம் மிச்சம். மாமனாரை வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்வது இதில்தான். காக்கி புக்கிட்டில் உள்ள ஒரு பட்டறையில் வாட்டர் பம்ப் மாற்றிய ஒன்பதாம் நாள், மலேசியாவில் மலாக்கா போகும் வழியில், கூலாய் தாண்டியதும் வெப்ப முள் ஏறியது. ஆயர் ஈத்தாம் போய்ச் சேர்ந்தபோது எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. அதே பட்டறைக்காரர் ஜப்பானிலிருந்து வந்த பழைய எஞ்சினைப் போட்டுத் தந்தார். பேசிய தொகை 6,800 வெள்ளி. முன்பணம் 3,000 கொடுத்தோம்; மீதி தவணை. ஓட்டத் தொடங்கிய 19ஆம் நாள் நீலப்புகை, எண்ணெய்க் கசிவு. காரைத் திரும்பக் கொண்டுபோய் விட்டோம். இப்போது வாரண்டி கிடையாது, பாக்கி 3,800ஐக் கட்டினால்தான் கார், அதுவரை நாளுக்கு 30 வெள்ளி நிறுத்தக் கட்டணம் என்கிறார். இருபது ஆண்டுப் பழக்கம் ஐயா. என் கணவர் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். 25,000 வெள்ளி கேட்டு வழக்குப் போடலாமா? நிலப் போக்குவரத்து ஆணையத்தில் புகார் கொடுக்கலாமா? காரை வேறு பட்டறைக்கு இழுத்துப்போய் எஞ்சினைப் பிரித்துப் பார்த்து அவரை அம்பலப்படுத்தலாமா? (ஈசூன் வாசகி)

பதில்: நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மேலே இருப்பது நான் சுருக்கியது. சட்டத்துக்கு வேண்டியது உங்கள் மூன்றாம் பக்கத்தில், மகளின் தேர்வுக்கும் மாமனாரின் உடல்நிலைக்கும் நடுவே ஒரே வரியாகக் கிடக்கிறது. அந்தப் பழைய எஞ்சினைப் போட்டுக் காரைத் தந்த அன்று பட்டறைக்காரர் உங்கள் கணவரின் வாட்ஸ்அப்புக்கு ஒரு குரல் பதிவு அனுப்பியிருக்கிறார்: “ஒரு மாதத்துக்குள் ஏதாவது ஆனால் என் பொறுப்பு.” எஞ்சின் கெட்டது 19ஆம் நாள்.

அந்தப் பதிவை இன்றே வேறு இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். கணவர் கைப்பேசியை மாற்றினார், பழையது அழிந்துவிட்டது என்று என்னிடம் வந்து நின்றவர்கள் பலர்.

அந்தப் பதிவே இல்லை என்றாலும் உங்கள் நிலை மோசமில்லை. 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த, குறையுள்ள பொருளுக்கு விற்றவரைப் பொறுப்பாக்கும், எல்லாரும் லெமன் சட்டம் என்று சொல்லும் விதிகள் பழைய பொருளுக்கும் பொருந்தும். பட்டறையில் பொருத்தித் தரும் பொருளுக்கும் பொருந்தும். கொடுத்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது கொடுத்த அன்றே இருந்த குறை என்றுதான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியவர் அவர். “பழைய பாகங்களுக்கு உத்தரவாதம் இல்லை” என்று பில்லில் அச்சடித்திருப்பதாகச் சொல்கிறீர்கள். பயனீட்டாளரிடம் அந்த வரி செல்லாது. பழைய எஞ்சின் புதிதைப் போல ஓட வேண்டும் என்று நீங்களும் கேட்க முடியாது. ஆனால் 6,800 வெள்ளிக்குப் போட்ட எஞ்சின் மூன்று வாரமாவது புகையாமல் ஓட வேண்டாமா? அவ்வளவுதான் உங்கள் வழக்கு.

முதல் எஞ்சினை மறந்துவிடுங்கள். வாட்டர் பம்பைச் சரியாகப் பொருத்தாததால்தான் எல்லாம் நடந்தது என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நடந்திருக்கலாம். ஆனால் அந்த எஞ்சின் பழைய இரும்புக்கு எடைபோட்டுப் போய்விட்டது. பம்பும் அதோடு போய்விட்டது. இனி எதை வைத்து நிரூபிப்பது? கூலாயில் ஏறிய முள்ளைப் பார்த்துக்கொண்டே ஆயர் ஈத்தாம் வரை, ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர், ஓட்டியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நெடுஞ்சாலையோரம் பிள்ளைகளோடு நிற்கப் பயந்தோம் என்பது எனக்குப் புரிகிறது. வழக்கை விசாரிக்கும் நடுவரின் முதல் கேள்வி, ஏன் நிறுத்தவில்லை என்பதாகத்தான் இருக்கும். இந்தக் கோரிக்கையைச் சேர்த்தால் நல்ல வழக்கும் சேர்ந்து கெடும்.

இருபது ஆண்டுப் பழக்கம், அண்ணன் என்று அழைத்தது, மலாக்காப் பயணம் கெட்டது, மன உளைச்சல்: இவற்றுக்கு இந்த வழக்கில் காசு இல்லை. 25,000 என்ற எண்ணை விடுங்கள். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தின் வரம்பு 20,000; இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் 30,000. உங்கள் தகராறின் உண்மையான அளவு 6,800. எந்தப் படிவம், எங்கே தாக்கல் செய்வது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: பில் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் மனுதாரர். கணவர் பெயரில் இருந்தால் அங்கே பேச வேண்டியவர் அவர். வழக்கறிஞருக்கு அங்கே இடமில்லை.

இனி நான் உண்மையில் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். “வேறு பட்டறைக்கு இழுத்துப்போய் எஞ்சினைப் பிரித்துப் பார்க்கலாமா?”

கூடாது. போல்ட் ஒன்றைக்கூடத் தளர்த்த விடாதீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஜூரோங்கிலிருந்து ஒரு கட்சிக்காரர் வந்தார். பேரங்காடிப் பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு பிஸ்டனை எடுத்து என் மேசைமேல் வைத்தார். அந்த எண்ணெய்க் கறை இன்றும் மேசையில் இருக்கிறது. அவருக்கும் உங்களைப் போலத்தான், பழைய எஞ்சின் போட்டு ஒரு மாதத்தில் புகை. கோபத்தில் நண்பரின் பட்டறைக்கு இழுத்துப்போனார். நண்பர் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, பிஸ்டனை வெளியே எடுத்து, “ரிங் முறிந்திருக்கிறது, ஏமாற்றிவிட்டான்” என்று தேதிகூடப் போடாமல் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். எதிர்த்தரப்பு மூன்றே கேள்வி கேட்டது. இந்தப் பிஸ்டன் எங்கள் எஞ்சினிலிருந்து வந்தது என்பதற்கு என்ன அத்தாட்சி? எஞ்சின் பிளாக்கில் உள்ள எண்ணைப் படம் எடுத்தீர்களா? கழற்றும்போது எங்களைக் கூப்பிட்டீர்களா? மூன்றுக்கும் பதில் இல்லை. கேட்டது 7,000, கிடைத்தது 900. அதுவும் பட்டறைக்காரர் அலுத்துப்போய்க் கொடுத்தது. அவருடைய வழக்கு பொய்யில்லை. ரிங் உண்மையிலேயே முறிந்துதான் இருந்தது என்று நான் நம்புகிறேன். என் நம்பிக்கைக்கு நடுவர் மன்றத்தில் மதிப்பில்லை.

நீங்கள் திறந்தால் இரண்டு நஷ்டம். ஆறு மாதத்துக்குள் வந்த குறை அவருடையது என்று சட்டம் உங்கள் பக்கம் சாய்ந்து நிற்கிறதே, அதை உடைக்க அவருக்கு இப்போது எளிதான வழியில்லை. மூன்றாமவர் கை பட்டதும் வழி பிறந்துவிடும்: “எங்களிடமிருந்து போனபோது நன்றாக இருந்தது, இவர்கள் கெடுத்துவிட்டார்கள்.” அடுத்து, சட்டம் உங்களுக்கு முதலில் தருவது பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ கேட்கும் உரிமையைத்தான். நியாயமான காலத்தில் அவர் அதைச் செய்யாவிட்டால்தான் விலைக் குறைப்பும் பணத்தைத் திரும்பக் கேட்பதும். அந்த வாய்ப்பை அவருக்குக் கொடுக்காமல் வேறு இடத்தில் வேலையைத் தொடங்கிவிட்டால், முதல் படியில் கால் வைக்காமல் மூன்றாம் படிக்குத் தாவியவர் ஆவீர்கள். அதனால் இப்போதே கடிதம் எழுதுங்கள். குறை இன்னது, இத்தனை நாளுக்குள் உங்கள் செலவில் சரிசெய்யுங்கள் அல்லது வேறு எஞ்சின் போடுங்கள். நாகரிகமாக, ஒரே பக்கத்தில். அண்ணன், துரோகம் போன்ற சொற்கள் வேண்டாம்.

பரிசோதனை வேண்டும் என்றால் வாகனப் பழுதை ஆராய்ந்து அறிக்கை தரும் தனியார் சர்வேயர் ஒருவரை நீங்கள் அமர்த்தலாம். சில நூறு வெள்ளி ஆகும். காரை அங்கேயே வைத்து, பட்டறைக்காரருக்கு முன்கூட்டியே நாளும் நேரமும் எழுதித் தெரிவித்து, அவர் கண்ணெதிரே பார்க்க வேண்டும். வர மறுத்தால் மறுத்ததையும் எழுத்தில் பதியுங்கள். முதல் படம் எஞ்சின் எண்ணாக இருக்கட்டும்.

அந்த எண்ணுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. எஞ்சின் மாறினால் ஆணையத்தின் பதிவேட்டிலும் எண் மாற வேண்டும். பட்டறைக்காரர் அந்த வேலையை முடித்தாரா என்று உங்கள் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. முதலில் அதைப் பாருங்கள். பதிவேட்டில் இன்னும் பழைய எண் என்றால், உங்கள் பெயரில் உள்ள காரை 19 நாள் அப்படியே ஓட்டியது நீங்கள். பத்தாண்டு தாண்டிய கார் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக வேண்டியது. அங்கே மாட்டிக்கொள்ளப்போவதும் நீங்கள். இந்த நிலையில் ஆணையத்திடம் போகிறேன் என்று அவரை மிரட்டினால், “வாருங்கள், சேர்ந்தே போவோம்” என்று அவர் சொல்லக்கூடும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எஞ்சின் மாறியது தெரிந்திருக்க வேண்டும். முகநூலில் பதிவு போட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இன்றிரவே எடுத்துவிடுங்கள். அவதூறு என்று எதிர்வழக்குப் போடும் வாய்ப்பை நீங்களே அவர் கையில் தருவானேன்?

காரைப் பிடித்து வைத்திருக்கிறாரே என்றால், சட்டப்படி அவர் நிலை பலவீனமானது. பழுதுபார்த்தவர் கூலி வரும்வரை பொருளைக் கையில் வைத்திருக்கலாம். ஆனால் காரை ஒருமுறை உங்களிடம் ஒப்படைத்துவிட்டார். கையைவிட்டுப் போன அந்த உரிமை, வேறு காரணத்துக்காகக் கார் திரும்பி வந்ததால் மட்டும் உயிர்பெறாது. நிறுத்தக் கட்டணமும் முன்கூட்டியே பேசி ஒப்புக்கொள்ளாத வரையில் கேட்க முடியாது. இரண்டுக்கும் ஒரு விலக்கு: நீங்கள் கையெழுத்திட்ட தாளில் வேறு மாதிரி அச்சடித்திருந்தால் கதை மாறும்.

இதைப் படித்துவிட்டு மாற்றுச் சாவியோடு காக்கி புக்கிட்டுக்குப் போய்விடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பட்டறை மூடியிருந்தபோது தன் காரைத் தானே எடுத்து வந்த ஒருவரை எனக்குத் தெரியும். சட்டம் அவர் பக்கம்தான் இருந்தது. ஆனாலும் திங்கட்கிழமை போலிஸ் புகார், அதன்பின் மாதக்கணக்கில் விளக்கம் சொல்லும் அலைச்சல். பேசித் தீர்க்க ஒப்புக்கொண்டிருந்த பட்டறைக்காரர் அதற்குப்பின் பேசவே மறுத்துவிட்டார்.

இப்போது ஒரு கணக்கு. ஐந்தாண்டுக்கு 45,000 என்றால் சிஓஇ மாதத்துக்கு 750 வெள்ளி. கார் பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு மாதமும் அது கரைகிறது. சாலை வரி, காப்பீடு, மாமனாருக்கு எடுக்கும் டாக்சி எல்லாம் தனி. ஐந்தாண்டுக்குப் புதுப்பித்ததை மறுபடி புதுப்பிக்கவும் முடியாது. இன்றே பதிவை ரத்துசெய்தால் மிச்சமுள்ள 20 மாதத்துக்கு ஏறத்தாழ 15,000 திரும்ப வரும். சிஓஇக்குக் கடன் வாங்கியிருந்தால் முதலில் அது கழியும். பத்தாண்டு தாண்டிவிட்டதால் வேறு பணம் எதுவும் திரும்ப வராது. நடுவர் மன்றத்தில் சில வாரங்களில் முடியலாம். அவர் 3,800 கேட்டு எதிர்க்கோரிக்கை போட்டு, சர்வேயருக்கு எதிராக இன்னொரு சர்வேயரைக் கொண்டுவந்து இழுத்தால் மாதங்கள் போகும். நான்கு மாதம் போனால் 3,000. நீங்கள் கொடுத்த முன்பணம் அவ்வளவுதான்.

ஆகவே சமாதானமாகப் போங்கள். முதலில் கேட்க வேண்டியது, அவர் செலவில் வேறு எஞ்சின், எண் மாற்றும் வேலையும் அவருடையது, நிறுத்தக் கட்டணம் இல்லை, பாக்கி 3,800ஐ நீங்கள் கொடுத்துவிடுகிறீர்கள். அவரிடம் குரல் பதிவை ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். அதற்கு மேல் வாதம் தேவைப்படாது என்று நினைக்கிறேன். மறுத்தால் அவர் 3,800ஐ விடட்டும், நீங்கள் 3,000த்தை விடுங்கள். காரை வாங்கிப் பதிவை ரத்துசெய்து சிஓஇப் பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூவாயிரம் போவதா என்று கேட்பீர்கள். போகட்டும். 260,000 கிலோமீட்டர் ஓடிய காரில் எஞ்சினுக்கு அடுத்து கியர்பாக்ஸ் வரிசையில் நிற்கிறது. இதற்கு ஒரு மாதக் கெடு வையுங்கள். இரண்டுக்கும் அவர் இணங்காவிட்டால் பயனீட்டாளர் சங்கத்தின் சமரசத்தில் நேரத்தைச் செலவிடாமல் நேராக நடுவர் மன்றத்துக்குப் போங்கள். வழக்குக்கான காரணம் பிறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் சட்டம் தருகிறது, உங்கள் சிஓஇ தராது.

வேறு எஞ்சின் போட அவர் ஒப்புக்கொண்டால், அவர் நீட்டும் தாளில் “முழுமையான, இறுதியான தீர்வு” என்று இருக்கும். கார் கையில் வந்த மகிழ்ச்சியில் அதில் கையெழுத்திட்டு, இரண்டு வாரத்தில் அந்த எஞ்சினும் புகைந்து, என்னிடம் அழுதுகொண்டு வந்தவர்கள் உண்டு. தீர்வு இன்று நடப்புக்கு வராது, புதிதாகப் போட்ட எஞ்சின் 60 நாள் பழுதின்றி ஓடினால்தான் வரும், பாக்கி 3,800இல் பாதியை அன்றைக்குத்தான் கொடுப்போம் என்று அந்தத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதிய வரைவை எனக்கு அனுப்புவதானால் பில்லின் பின்பக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள். எல்லாரும் முன்பக்கத்தை மட்டுமே அனுப்புகிறார்கள்.